இரண்டு தசமதானம்

தரவு முகாமைத்துவத் திட்டம்,
ஆறு பக்கம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்.
அறிவியல்நகரில் கறண்ட் போய் வந்து
மூன்றாம் தரம் லப்டொப்பைத் திறக்கிறேன்.

எவ்வகைத் தரவு சேகரிக்கப்படும்?
இது சுகமான கேள்வி.
நூற்றுப் பன்னிரண்டு கிணறு.
புளோரைட்டு, வன்மை, ஆழம்,
கிணற்றுக்காரர் சொன்னது தனி நிரலில்:
சவர், கயர், "தேத்தண்ணிக்கு ஆகாது",
"மாடும் மூஞ்சையைத் திருப்புது".
கடைசிக்கு என்ன அலகு போடுவது
என்று கஜவதனி கேட்டாள்.
அப்படியே எழுதச் சொன்னேன்.

கோப்புகளுக்கு எவ்வாறு பெயரிடுவீர்கள்?
கண்டாவளை_மாரிக்குமுன்_2.
நேற்றுவரை
"கடைசி", "கடைசிக் கடைசி", "இதுதான் கடைசி"
என்றுதான் வைத்திருந்தோம்.

எத்தனை பிரதி, எங்கே?
பீடத்துச் சேர்வரில் ஒன்று, என் வன்தட்டில் ஒன்று,
வெள்ளம் எட்டாத தூரத்தில், திருநெல்வேலியில் ஒன்று.
புளியம்பொக்கணையில் ஒருவர்
காணிப் பெமிற்றை எடுத்துக் காட்டியிருந்தார்.
மூலம் மாத்தளன் மணலோடு போய்விட்டது.
போட்டோக்கொப்பி ஒன்று அரிசி வாளிக்குள்,
ஒன்று செட்டிகுளத்தில் தங்கச்சியிடம்,
ஒன்று பிரான்சில் மச்சானின் போனில்.
வழிகாட்டிக் குறிப்பு மூன்று தசம் இரண்டை
அவருக்கு வாசித்துக் காட்டத் தேவையிருக்கவில்லை.

நாலாம் பகுதியில் நின்றுவிட்டேன்.
தனியாளை அடையாளம் காட்டும் விவரம்
எவ்வாறு நீக்கப்படும்?
பெயருக்குப் பதில் குறி. கி-001, கி-002.
ஆனால் ஆள்கூறு ஐந்து தசமதானத்தில் இருந்தால்
கப்பிவரைக்கும் போய் நிற்கலாம்.
வனத்திணைக்களம் கல் நட்ட காணிக்குள்
நாலு கிணறு நிற்கிறது.
"தண்ணியை எழுதுங்கோ மிஸ்,
கிணறு இருக்கெண்டு எழுதாதேங்கோ."

ஆகவே இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டினேன்.
எட்டாம் வகுப்புக் கணக்கில் படித்த சொல்.
ஆட்களுக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.
திரையில் கிணறுகள் நடக்கத் தொடங்கின:
ஒன்று ஏ-ஒன்பது வீதியின் நடுவில்,
மூன்று இரணைமடுத் தண்ணீருக்குள்,
ஒன்று
யாரும் தண்ணீர் கேட்டுப் போகாத
முட்கம்பிக்குப் பின்னால்.
ஒரு கிலோமீற்றர் பிழை,
இப்போதைக்கு அதுதான் வேலி.

கி-047 மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒப்புதல் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு
"பேரை ஏன் எடுக்கிறியள்?" என்றார்.
"பேர் குடுத்த லிஸ்டுக்கே ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.
பேரில்லாத லிஸ்டுக்கு ஆர் சொல்லப்போகினம்?"
நான் நெறிமுறைக் குழு அது இது என்றேன்.
கஜவதனி பேனை மூடியைக் கடித்தபடி
முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தமையனின் பெயரை
ஐந்து லிஸ்டில் குடுத்தவள்.

அன்றிரவு குறியீட்டுக் கொப்பியில்
'காணாமற்போன பெறுமானம் = 999' என்றிருந்ததை
'அளக்கப்படவில்லை' என்று மாற்றியிருந்தாள்.
அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தாண்டின் பின் தரவு எவ்வாறு அழிக்கப்படும்?
'கிணற்றுக்காரரைக் கேளாமல் அழிக்கப்படமாட்டாது'
என்று
கேள்விக்குப் பொருந்தாத விடையை எழுதினேன்.

யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள்
என்று அவர்கள் கேட்கவேயில்லை.
'வேறு ஏதாவது' என்ற இரண்டு வரிப் பெட்டிக்குள்
எழுத்தைச் சிறிதாக்கித் திணித்தேன்:
ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள், தமிழில்,
குடிக்கலாமா, கூடாதா.
பெயர் கேட்பவருக்குப் பெயரோடு.

கிழமை கழிந்து மறுமொழி:
நாலாம் பகுதியில் அறுபது சொல் அதிகம்.
'வேறு ஏதாவது' திட்டத்தின் பாகமல்ல, நீக்கவும்.
பெற்றோல் செலவு எந்தத் தலைப்பில்?

கஜவதனி அதற்கிடையில்
தாள்களை அச்சடித்து, கரடிப்போக்கில்
லமினேட் பண்ணக் கொடுத்துவிட்டாள்.
நூற்றுப் பதினொன்றில் குறி மட்டும்.
ஒன்றில்
வீரகத்தி தவமலர்,
கிணறு வெட்டின வருசம் 1986,
புளோரைட்டு 2.1,
குடிக்க வேண்டாம்.